அருவியை நிறுத்தும் குரங்கு

கேள்வி: புதிர்களை அவிழ்த்து முன்னேறும் 'மங்கி ஐலேண்ட் 2' கம்ப்யூட்டர் கேமைப் பல வருஷம் கழித்துத் திரும்ப எடுத்தேன். சிரித்து வயிறு வலிக்கிறது. ஆனால் ஃபாட் தீவு அருவியைத் தாண்ட முடியவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். நானும் அங்கே வாரக்கணக்கில் நின்றவன். ஸ்கேப் தீவு மதுக்கடையில் ஒரு குரங்கு பியானோ வாசிக்கும். பியானோ மேல் டிக் டிக் என ஆடும் மெட்ரோனோமில் (தாளம் காட்டும் கருவி) வாழைப்பழத்தை மாட்டுங்கள். குரங்கு அதையே பார்த்துச் சொக்கி நிற்கும். தூக்கிப் பைக்குள் போடுங்கள். அப்புறம் அருவிக்கு மேலே உள்ள பம்பில் அந்தக் குரங்கைப் பயன்படுத்தினால் தண்ணீர் நிற்கும், பின்னால் குகை தெரியும்.

குரங்கு எதற்கு? பம்பைத் திருகத் திருகு சாவி வேண்டும்; அதை அமெரிக்கர்கள் 'மங்கி ரெஞ்ச்' என்பார்கள், அதாவது 'குரங்குச் சாவி'. அதனால் குரங்கே இங்கே சாவி. அந்தச் சொல் தெரியாதவர் யோசித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. 1991-ல் ரான் கில்பர்ட் குழு செய்த அருமையான கேமில் இந்த ஒரு இடம் அநியாயம்தான்.

ஆனால் அதே கேமில் வரும் எச்சில் துப்பும் போட்டியைப் பாருங்கள்: நீலப் பானத்தையும் மஞ்சள் பானத்தையும் கலந்து குடித்து எச்சிலைக் கெட்டியாக்கி, பார்வையாளரின் துணி காற்றில் பறக்கும்போது துப்ப வேண்டும். எல்லாக் குறிப்பும் கண்ணெதிரே இருக்கிறது. அதை மட்டும் யார் உதவியும் இல்லாமல் நீங்களே போடுங்கள்.