ராஜாஜியின் பழமைவாதம் – கடிதமும் பதிலும்

வணக்கத்திற்குரிய ஐயா,

ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அவரை மெய்யான பழமைவாதி என்று குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அதில் சில ஐயங்கள் உள்ளன. தேர்தலில் நிற்காமலே 1952இல் முதலமைச்சரானவர், பின்னாளில் தேர்தல் ஊழலைக் கண்டித்து எழுதியதை எப்படி எடுத்துக்கொள்வது? கம்யூனிசத்தை எதிர்த்து மேற்கு நாடுகளின் பக்கம் சாய்ந்தவர், அதே அமெரிக்காவிடம் போய் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னதில் என்ன கொள்கை இருக்கிறது? அரசியலுக்குச் சமயம் வேண்டும் என்றவர், கடவுள் மறுப்பு இயக்கத்திலிருந்து பிறந்த தி.மு.க.வோடு 1967இல் கூட்டுச் சேர்ந்தது ஏன்? வசதிக்கேற்ப மாறும் கருத்துகளுக்குப் பழமைவாதம் என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. இன்று இருந்திருந்தால் அவர் எந்தக் கட்சியில் இருப்பார் என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

ஒரு வாசகர், நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தமிழில் பழமைவாதி என்பது ஒரு வசைச்சொல்லாகவே புழங்கிவருகிறது. சாதியைக் காப்பவர், பெண்கள் படிப்பதை விரும்பாதவர், பஞ்சாங்கம் பார்த்துக் கால் எடுத்து வைப்பவர் என்று ஒரு சித்திரம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நான் அதைப் பயன்படுத்திய பொருள் வேறு. மனிதனின் அறிவையோ நல்லெண்ணத்தையோ முழுமையாக நம்பிவிடாமல், அதிகாரம் யார் கையில் இருந்தாலும் அதற்குக் கடிவாளம் வேண்டும் என்று கருதி, அந்தக் கடிவாளங்களில் பலவற்றை நெடுங்காலப் பழக்கமும் குடும்பமும் சமயமும் முன்பே செய்துவைத்திருக்கின்றன என்று எண்ணுகிறவரையே அப்படிச் சொன்னேன். இந்தப் பொருளில் ராஜாஜியின் தேர்தல் கருத்தும் அயலுறவுக் கருத்தும் சமயக் கருத்தும் ஒரே இடத்திலிருந்து வருபவை. ஆனால் உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு. பதவிக்கு வெளியே இருந்தபோதெல்லாம் பழமைவாதியாக இருந்த அவர், பதவியில் அமர்ந்தபோது பெரும்பாலும் அப்படி இருக்கவில்லை. என் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டது பிழை.

அவருடைய தேர்தல் கருத்து 1952க்குப் பிறகு தோன்றியது என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. அது முப்பது ஆண்டுகள் மூத்தது. ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோது, 1922 ஜனவரியில் தம் நாட்குறிப்பில் அவர் எழுதிய சில வரிகள் புகழ்பெற்றவை. விடுதலை கிடைத்த உடனேயே தேர்தல்களும் அவற்றின் ஊழலும், அநீதியும், பணத்தின் கொடுங்கோன்மையும், நிர்வாகத் திறமையின்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கிவிடும் என்றும், மக்கள் பழைய ஆட்சியின் ஓரளவு நீதியையும் அமைதியையும் ஏக்கத்தோடு நினைத்துப் பார்ப்பார்கள் என்றும் அவர் எழுதினார். ஒரு நாட்டின் விடுதலைக்காகச் சிறையில் இருப்பவர், அந்த விடுதலை எப்படிச் சீர்கெடும் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதுவது சாதாரணக் காரியமல்ல. சக கைதிகள் எவரிடமாவது இதைப் படித்துக் காட்டியிருப்பாரா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. இதற்கு அவர் கண்ட ஒரே மாற்று, நல்லொழுக்கமும் தெய்வ அச்சமும் அன்பும் சிறு வயதிலேயே ஊறும்படியான கல்வி எல்லோருக்கும் கிடைப்பது. தேர்தலைப் பற்றித் தொடங்கிய குறிப்பு சமயத்தில் வந்து முடிவதைக் கவனியுங்கள். வாக்குச்சீட்டு வெளியே இருக்கும் கடிவாளம் என்றும், உள்ளே ஒரு கடிவாளம் இல்லாவிட்டால் அது விலைக்குப் போய்விடும் என்றும் அவர் நினைத்தார். பின்னாளில் சுயராஜ்யா என்ற ஆங்கில வார இதழில், எல்லாத் தொழிலையும் தேசியமயமாக்கத் துடிக்கும் அரசு முதலில் தேசியமயமாக்க வேண்டியது தேர்தலைத்தான் என்று அவர் வாதிட்டதும் இதே கவலையால்தான். அரசு கை வைக்கும் எதையும் சந்தேகித்த ஒருவர், தேர்தல் செலவை மட்டும் தனியாரிடம் விடக்கூடாது என்றார்.

இப்போது 1952க்கு வருவோம். அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் வென்றவை 152 மட்டுமே. ஆந்திரத் தலைவர் டி. பிரகாசத்தின் தலைமையில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஆட்சியைக் கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, ஓய்விலிருந்த 73 வயது ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். இந்த நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி தொடுத்த வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பது உண்மை. சட்டப்படி சரியாக இருந்தாலும் அது முறையற்ற செயல் என்பதே என் கருத்து. ராஜாஜிக்கே உரிய அளவுகோலால் அளந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் பழமைவாதத்தின் உயிர் எழுதாத முறைமைகளை மதிப்பதில் இருக்கிறது.

அது ஒருமுறை நேர்ந்த சறுக்கலும் அல்ல. முதலமைச்சராக இருந்த 1938இல் 125 பள்ளிகளில் அவர் இந்துஸ்தானியைக் கட்டாயமாக்கிய ஆணையை நினைத்துப் பாருங்கள். எதிர்த்தவர்கள்மீது, காங்கிரசே கண்டித்துவந்த பிரிட்டிஷ் அடக்குமுறைச் சட்டத்தை அவர் ஏவினார். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர், நடராசனும் தாளமுத்துவும் காவலில் இருந்தபோதே இறந்தனர். 1951இல் நேருவின் உள்துறை அமைச்சராகப் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தவரும் அவரே. 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற திட்டத்தைச் சட்டமன்றத்தில் முன்கூட்டி விவாதிக்காமலே நடைமுறைப்படுத்தினார். குலக்கல்வி என்ற பெயர் அதற்கு ஏன் நிலைத்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. தந்தையின் தொழிலிலிருந்து தப்பிக்கவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய ஒரு தலைமுறைக்கு, மேலேயிருந்து ஒரே ஆணையில் அதைச் சொன்னவர், அந்த நிமிடத்தில் தாம் பின்னாளில் கண்டித்த திட்டக்குழு அறிஞர்களைப் போலத்தான் நடந்துகொண்டார். 1954இல் அவர் பதவி விலக நேர்ந்தது. காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். 1952 ஜூனில் அதிகாரிகள் பலரும் அஞ்சியபோது அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் துணிந்து நீக்கியவரும் இதே முதலமைச்சர்தான். சேலத்தில் நூல் வியாபாரம் செய்து பெர்மிட்டுக்காக அலைந்து நொந்த என் தாத்தா, அந்த ஒரு செயலுக்காகவே 1962இல் சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தில் வாக்களித்தார். குலக்கல்விக்காக ராஜாஜியை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதரின் செயல்கள் என்பதில் அவருக்குக் குழப்பம் ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அயலுறவைப் பொறுத்தவரை நீங்கள் காணும் முரண் எனக்குத் தெரியவில்லை. அவர் அமெரிக்காவை நேசித்ததாகச் சொல்ல முடியாது. கம்யூனிசத்தில் அவர் அஞ்சியது எல்லாம் ஒரே கையில் குவிவதை. அணுகுண்டிலும் அதே அச்சம்தான், அதன் எல்லையில். 1962 செப்டம்பரில், 83ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வாழ்க்கையில் முதன்முறையாகக் கடல் கடந்து சென்று அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்துச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். அடுத்த மாதமே சீனப் படை எல்லையைக் கடந்தது. மேற்கின் படையுதவியை நாட வேண்டும் என்று அவருடைய கட்சி வற்புறுத்தியது. குண்டு வேண்டாம், ஆனால் நண்பர்கள் வேண்டும் என்பது தற்காப்பைப் பற்றிய ஒரு சிந்தனை. அதை ஏற்க மறுக்கலாம், கொள்கையில்லை என்று சொல்ல முடியாது.

அவருடைய உறுதிக்கு நான் காட்ட விரும்பும் சான்று கோவா. 1961 டிசம்பரில் இந்தியப் படை போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த கோவாவுக்குள் நுழைந்தபோது நாடே கொண்டாடியது. பொதுத்தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்தன. புதுக்கட்சியின் தலைவர் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அதுவே. ராஜாஜியோ, பிறர் படைபலத்தைப் பயன்படுத்தும்போது கண்டிக்கும் தார்மிக உரிமையை இந்தியா முற்றாக இழந்துவிட்டது என்று எழுதினார். அந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசார் பேச்சுக்கு இணங்கக்கூடியவர் என்பதற்குப் பதினான்கு ஆண்டுகளாக எந்த அடையாளமும் தெரியவில்லை. எனினும் வாக்குக்காகக் கருத்தை மாற்றும் மனிதர் அந்த வாரத்தில் அதை எழுதியிருக்க மாட்டார். 1964இல் காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லா சிறையிலிருந்து விடுதலையாகி நேருவோடு பேசியபின் சென்னைக்கு வந்து ராஜாஜியைச் சந்தித்ததும் இத்தகையதே. காஷ்மீரில் பேச்சுவார்த்தையை ஆதரிப்பது அன்றைக்கும் யாருக்கும் வாக்குகளைக் கொண்டுவரவில்லை.

சமயத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அவரை வாழ்த்துகிறவர்களும் தூற்றுகிறவர்களும் இங்கேதான் அவரைத் தவறாகப் படிக்கிறார்கள். அவர் அரசின் கையில் சமயத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. குடிமகனின் மனத்தில் தர்மம் இல்லாதபோது அந்த இடத்தை நிரப்பக் காவல்துறையால் முடியாது என்றார். பாரதத்தையும் இராமாயணத்தையும் கல்கியில் தொடராக எழுதியதையே தம் அரசியல் பணி அனைத்திலும் மேலாகக் கருதியதற்குக் காரணம் இதுதான்.

ஆலய நுழைவில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். 1938 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி. ராஜா ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தபோது, முதலமைச்சராக இருந்த ராஜாஜி அதை ஏற்கவில்லை. ராஜா அதை நம்பிக்கைத் துரோகமாகவே கண்டார். அடுத்த ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட சாதியினர் சிலரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்ததும், பட்டர்கள் எதிர்க்க, ராஜாஜி அவசரச் சட்டத்தின் மூலமும் பின்னர் முறையான சட்டத்தின் மூலமும் கோயிலைத் திறந்தவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தார். அந்தச் சட்டம் கோயில்களைக் கட்டாயமாகத் திறக்கவில்லை. வழிபடுவோரின் கருத்தைக் கண்டு அறங்காவலர்கள் திறக்கலாம் என்று வழிவிட்டது. நுழைவு உரிமையாக ஆனது 1947இன் சட்டத்தில்தான். பழக்கத்தை உள்ளிருந்து மாறவிட்டு, மாறியபின் சட்டத்தால் காக்கும் இந்த முறை பழமைவாதத்தின் சிறந்த வடிவம் என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். இப்போது அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தப் பொறுமையின் விலையைக் கொடுத்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றவர்களே. 1938இல் எம்.சி. ராஜாவிடம் பொறுத்திருக்கச் சொன்னவருக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதே ஆண்டு இந்துஸ்தானி விஷயத்தில் அந்தப் பொறுமையை அவர் காட்டவும் இல்லை.

1967இன் கூட்டணிக்கு என் விடை சுருக்கமானது. இருபது ஆண்டுகள் ஒரே கட்சி ஆண்டதே அவருக்குப் பெரும் தீமையாகப் பட்டது. தி.மு.க. 1963இல் பிரிவினையைக் கைவிட்டிருந்தது, ஒன்றே குலம் ஒருவனே தேவன் என்ற அண்ணாவின் முழக்கம் கடவுளை மறுக்கவும் இல்லை. இந்தித் திணிப்பில் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றனர், 1938ஐ நினைத்தால் இது வேடிக்கைதான். அந்தத் தேர்தலில் சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்களோடு மிகப்பெரிய எதிர்க்கட்சியாயிற்று. அதில் ராஜஸ்தான், ஒரிசா மன்னர் குடும்பங்களின் செல்வாக்கு எவ்வளவு, கொள்கையின் செல்வாக்கு எவ்வளவு என்று கேட்டால், முன்னதே மிகுதி என்பேன். காங்கிரஸ் பிளவுபட்டபின், 1971இல் ராஜாஜி தி.மு.க.வை எதிர்த்துக் காமராஜரோடு கைகோத்தார். அந்த ஜனவரியில் சேலத்தில் பெரியார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் இராமர் படம் அவமதிக்கப்பட்ட விவகாரத்தை அவர்களுடைய அணி தேர்தல் மேடைகளுக்குக் கொண்டுசென்றது. தி.மு.க. சட்டமன்றத்தில் 184 இடங்களில் வென்றது. வாக்காளரின் உள்ளத்தில் கடிவாளமாக இருக்க வேண்டிய சமயத்தை வாக்குக் கேட்கும் கருவியாக்கியபோது, தமிழக வாக்காளர் அதற்கு இணங்கவில்லை. வேலூர் நாட்குறிப்பை எழுதியவர் அந்த முடிவில் வருந்தியிருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்று அவர் எந்தக் கட்சியில் இருப்பார் என்று கேட்கிறீர்கள். சுதந்திராக் கட்சி 1959இல் வகுத்த 21 அம்சங்களில் கடைசியானது, அடிப்படைக் கொள்கைகளுக்குள் அடங்காத எந்த விஷயத்திலும் உறுப்பினர்கள் தம் மனச்சாட்சிப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்றது. கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் இடத்தையே இழக்க நேரும் என்று கட்சித்தாவல் தடைச் சட்டம் சொல்லத் தொடங்கியது 1985இல். அந்த அம்சத்தைத் தன் விதிகளில் எழுதிவைத்து, கொறடாவை வீட்டுக்கு அனுப்பும் கட்சி ஒன்றை நீங்கள் காட்டினால், அவர் அதில் சேர்ந்திருப்பாரா என்று பிறகு பேசலாம்.

அன்புடன்.