‘நானா’ என்று எழுதிவிட்டால் பென்ஷன் போச்சா?

கேள்வி: என் கணவர் ராணுவ பீரங்கிப் படையில் 24 ஆண்டு வேலை பார்த்து, 2020 மார்ச் 31-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றார். காது சரியாகக் கேட்பதில்லை, ராத்திரித் தூக்கம் கிடையாது, முழங்கால் மடக்க முடியவில்லை. 2022-இல் சர்க்கரையும் வந்துவிட்டது. ‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்’ என்கிறார். பெட்டியைத் துழாவியபோது ஒரு தாளில் ‘பிரைமரி ஹைப்பர்டென்ஷன், 30 சதவீதம், வாழ்நாள் முழுதும், நானா’ என்று இருந்தது. ஓய்வுபெறும்போது ‘டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். இனிமேல் எதற்காவது கேட்க முடியுமா? – பள்ளத்தூர் வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் காதையும் சர்க்கரையையும் நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். பணம் இருப்பது நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்தத் தாளில். பென்ஷன் விஷயத்தில் பெரும்பாலானோர் கோட்டைவிடுவது புதிதாக வந்த நோயை அல்ல. ராணுவமே பரிசோதித்து, சதவீதம் போட்டு எழுதிக்கொடுத்த நோயைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஹைப்பர்டென்ஷன் என்றால் ரத்தக்கொதிப்பு, அது எல்லாருக்கும் வருவதுதானே என்று தாளை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

‘நானா’ என்பது ‘ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல’ என்பதன் சுருக்கம். ஓய்வுக்கு முன் நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்ற மருத்துவக் குழு நோயின் பெயர், எப்போது எங்கே தொடங்கியது, எத்தனை சதவீதம், பணியோடு தொடர்பு உண்டா என்று நான்கையும் எழுதும். சதவீதம் 20-க்குக் குறையாமல் இருந்து, தொடர்பும் ‘உண்டு’ என்றால், வழக்கமான சர்வீஸ் பென்ஷனுக்கு மேல், குறைபாட்டுக்கான ‘டிசபிலிட்டி எலிமெண்ட்’ தொகையும் கிடைக்கும். உங்கள் கணவருக்கு 30 சதவீதம் இருக்கிறது. தடையாக நிற்பது ‘நானா’ என்ற ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லை உடைக்க முடியும். தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. ஆளெடுக்கும்போது உடலில் குறை இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால், அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு அரசுக்கு. சந்தேகம் வந்தால் அதன் பலன் வீரருக்கு. காரணம் எழுதாமல் வெறும் முடிவை மட்டும் எழுதும் போர்டின் கருத்து நிற்காது என்பதை 2025 மே மாதம் டி.எம். ராஜுமோன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

ஆகவே உங்கள் தாளில் ‘நானா’வுக்குப் பக்கத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ரத்தக்கொதிப்புக்கு வழக்கமாக வரும் வரி ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது, களப்பணியோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை’ என்பதுதான். அப்படி இருந்தால் அடுத்த வேலை, தேதிகளை ஒட்டிப் பார்ப்பது. நோய் முதலில் எழுதப்பட்ட நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார்? லே, கார்கில், தவாங் போன்ற உயரமான இடத்திலோ, காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் பணியிலோ இருந்துவிட்டு அமைதிப் பகுதிக்கு மாறிய சில மாதங்களில், வருடாந்தர மருத்துவச் சோதனையில் கண்டுபிடித்திருப்பார்கள். கண்டுபிடித்த நாள்தான் நோய் பிறந்த நாள் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். மனுவில் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இது.

கையெழுத்தைப் பற்றி: ‘கிடையாது’ என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்று போட்ட கையெழுத்து, உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. பென்ஷன் விதிப்படி வருவது, யாரும் கருணையால் கொடுப்பதல்ல.

இனி எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு. நூறு சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் என்பதில், ராணுவத்தினருக்குத் தனியாகத் தரும் ‘மிலிட்டரி சர்வீஸ் பே’ என்ற தொகையும் சேரும். உதாரணத்துக்கு இரண்டும் சேர்ந்து 50,000 ரூபாய் என்று வையுங்கள். 30 சதவீதக் குறைபாட்டுக்கு 4,500 ரூபாய் வரும். ஆனால் 50-க்குக் கீழ் இருப்பதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை உண்டு. காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் 7,500 ரூபாய், அதற்கு மேல் அகவிலை நிவாரணம். இந்த உயர்த்தலை மனுவில் தனிக் கோரிக்கையாக எழுதிக் கேளுங்கள். கேட்காததைத் தேடிக் கொடுப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

நிலுவைதான் வேதனை. தாமதமாக வருகிறவர்களுக்கு, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டும் என்பது 2008 தர்சேம் சிங் தீர்ப்பின் வழி. இத்தகைய வழக்குகளைக் கேட்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பொதுவாக அதைத்தான் பின்பற்றுகிறது. மாதாமாதம் வருவது என்பதால் உரிமை முற்றாக அழியாது. ஆனால் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், பழைய மாதம் ஒன்று பின்னால் கழன்று விழுகிறது. வட்டிக் கணக்குத் தெரிந்த நம் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

காது வேறு விஷயம். பீரங்கிச் சத்தம் முதலில் கெடுப்பது உயர்ந்த சுருதி ஒலிகளை, 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை. ஆறு மீட்டர் தள்ளி நின்று கிசுகிசுத்துப் பார்க்கும் சோதனையில் இந்தக் குறை பல சமயம் தப்பிவிடும். ஆகவே ரிலீஸ் தாளில் ‘காது நார்மல்’ என்றே இருக்கலாம். காரைக்குடியிலோ மதுரையிலோ ஒரு காது மருத்துவரிடம் ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுங்கள். கோடு 4,000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கி, 8,000-இல் கொஞ்சம் ஏறினால் அது சத்தத்தால் வந்த சேதத்தின் அடையாளம். வயதால் வருவது அப்படி ஏறாது, இறங்கிக்கொண்டே போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சத்தம் நின்ற பிறகு சத்தத்தால் வந்த சேதம் பொதுவாக வளர்வதில்லை. எனவே ‘ஓய்வுக்குப் பின் வந்தது’ என்று எழுதினால் நீங்களே வழக்கைக் கெடுத்துக்கொள்வீர்கள். ‘பணியிலிருந்தபோதே இருந்தது, போர்டு பதிவு செய்யவில்லை’ என்பதே சரியான நிலைப்பாடு. அதற்கு யூனிட் எம்.ஐ. ரூமில் (படைப்பிரிவின் மருத்துவ அறையில்) காதிரைச்சல் என்று காட்டிய சீட்டு, ராணுவ மருத்துவமனை வெளிநோயாளிச் சீட்டு ஏதாவது ஒன்று வேண்டும். கூடவே, போர்டு தாளில் வீரர் தன் கையால் நிரப்பும் பகுதியைப் பாருங்கள். ‘வேறு குறை உண்டா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் அதைத்தான் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும். ஊருக்குப் போகும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் ‘இல்லை’ என்றுதான் எழுதுகிறார்கள்.

முழங்காலுக்கு, காயம் பட்ட நாளில் யூனிட் போட்ட இஞ்சுரி ரிப்போர்ட் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஐ.ஏ.எஃப்.ஒய்.-2006 என்பது அந்தப் படிவத்தின் எண். பி.டி., யூனிட் ஏற்பாடு செய்த விளையாட்டு இவற்றில் பட்டதும் பணியில் பட்டதே. அந்த ரிப்போர்ட் இல்லாமல் முழங்காலை மட்டும் தூக்கிக்கொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சர்க்கரை 2022-இல் வந்தது என்கிறீர்கள். ரிலீஸ் போர்டின் ரத்தப் பரிசோதனைப் பக்கத்தைத் திறந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், நோய் அப்போதே இருந்தும் எழுதாமல் விட்டார்கள் என்று வாதிடலாம். 100-க்கும் 125-க்கும் இடையில் என்றால் ‘அன்றே தொடங்கியிருந்தது’ என்ற வாதம் மட்டும். ஓய்வுக்குப் பின் ஏழாண்டுக்குள் தலைகாட்டும் நோய், பணிக்காலத்தில் தொடங்கியதன் தாமத வெளிப்பாடு என்று மருத்துவ ரீதியாக நிறுவினால் ஏற்க விதி இருக்கிறது. உங்கள் கணவருக்கு அந்த ஏழாண்டு முடிவது 2027 மார்ச்சில், சர்க்கரை அதற்குள்ளேயே வந்துவிட்டது. நிறுவுவது எளிதல்ல, இதை முதன்மை வழக்காக்க வேண்டாம்.

தூக்கமின்மை, எரிச்சல், திடுக்கிட்டு விழிப்பது எல்லாம் வெட்கத்தால் மறைக்கப்படும் வகை. பணியில் இருந்தபோது சொன்னால் மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கும், பிரமோஷன் போகும் என்று வாயே திறந்திருக்கமாட்டார். ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) வழியாக மனநல மருத்துவரிடம் இப்போதே காட்டுங்கள். அது பென்ஷனுக்காக அல்ல, அவருக்காக. மனநலக் குறை என்றால் தானாகப் பணியோடு தொடர்பு வந்துவிடாது, ஒவ்வொரு வழக்கையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது நினைவிருக்கட்டும்.

இரண்டு மூன்று நோய் ஏற்கப்பட்டாலும் சதவீதத்தை வெறுமனே கூட்டக் கூடாது. 30-ம் 20-ம் சேர்ந்து 50 ஆகாது. போர்டு ‘கூட்டு மதிப்பீடு’ என்று குறைத்துத்தான் போடும். ஆனால் 30-ஏ 50 ஆக உயரும் என்பதால், உங்கள் விஷயத்தில் மற்ற நோய்களால் தொகை ஏறுவது அரிது. காதுக்காக ரத்தக்கொதிப்பு மனுவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

செய்ய வேண்டியது: முதலில் நாசிக் ரோடு கேம்ப்பில் இருக்கும் ஆர்ட்டிலரி ரெக்கார்ட்ஸுக்கு (பீரங்கிப் படை ஆவண அலுவலகத்துக்கு) தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். ரிலீஸ் போர்டு முழுத்தாளும் (படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16), அதற்கு முந்தைய கேட்டகரி போர்டுகளின் தாள்களும் (படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-15), பென்ஷன் நிராகரித்த கடிதமும் கேளுங்கள். கையெழுத்து கணவருடையதாக இருக்க வேண்டும். அவர் இருக்கும்போது நீங்கள் போட்டால் திரும்பி வரும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. எழுத உதவி வேண்டுமென்றால் சிவகங்கையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது.

நிராகரிப்பை எதிர்த்து ரெக்கார்ட்ஸ் வழியாக முதல் அப்பீல். அதற்கு ஆறு மாதக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தாமதத்துக்கான காரணத்தோடு போடுங்கள். மறுத்தாலும், ஆறு மாதம் மௌனமாக இருந்தாலும், சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளைக்குப் போகலாம். மூல மனுவோடு தாமத மன்னிப்பு மனுவும் சேர வேண்டும். பக்கம் என்று நேரே மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனால், தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லித் திருப்பிவிடத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகள் வந்துள்ளன. அதற்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்கு அவை பொருந்தும். பக்கத்துத் தெருவில் போன வருஷம் வந்தவருக்குக் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், அது உங்கள் கணவருக்குப் பொருந்தாது. நிலுவையில் இத்தனை சதவீதம் கொடு என்று கேட்கும் ஆட்களும் சுற்றுகிறார்கள். வழக்கறிஞர் வெற்றித் தொகையில் பங்கு கேட்பதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

பெட்டியில் கிடைத்த அந்தத் தாளை மூன்று நகல் எடுங்கள். மனுவோடு நகலை மட்டும் வையுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், லேமினேட்டும் செய்ய வேண்டாம்.