கைடு இருக்கிறார், மென்டர் எங்கே?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம் என் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். புதுச்சேரியில் பொது சுகாதாரத்தில் பி.எச்டி. செய்கிறேன். மீன் விற்கும் பெண்கள் பி.பி. மாத்திரையை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் தலைப்பு. கைடு நல்லவர், ஆனால் அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. குப்பத்துக்குள் போக வேண்டுமென்றால் எல்லோருடைய ஆய்வுக்கும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். கட்டுரை எழுதும்போது கூப்பிடுவதில்லை. அடுத்து ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழிகாட்ட இன்னொருவரை எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது? கைடு தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்தக் குப்பம் விஷயத்தைப் பேசிவிடுவோம். அதைச் சரிசெய்யாமல் மென்டர் தேடினால், அவருக்கும் டேட்டா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வான இண்டியாபின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. சர்க்கரை நோயின் தேசிய அளவு 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3. கோவா மட்டும்தான் இதற்கு மேலே. இப்படிப்பட்ட வட்டாரத்தில் சுகர், பி.பி. பற்றி ஆராய வருகிறவர்களுக்குப் பஞ்சம் இருக்காது. மீனவப் பெண்களோடு உட்கார்ந்து பேசத்தான் ஆள் கிடைக்காது. காலை பத்து மணிக்குக் கேள்வித்தாளோடு போனால் மீன் விற்கும் பெண் வீட்டில் இருக்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு இருக்காது, அந்த 61 நாளில் எடுத்த டேட்டாவை வருஷம் முழுவதற்கும் பொருத்த முடியாது என்பதும் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கடலூர் பக்கம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் வேறு அரசு, வேறு ஏற்பாடு. இது சாதாரண ஊர் விவரம் இல்லை, ஆய்வு வடிவமைப்பே இதுதான். ஆனால் இதையெல்லாம் வேனில் போகும்போது வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இனிமேல் மெயிலில் எழுதி அனுப்புங்கள்.

அப்புறம் ஆத்தர் பட்டியல். மருத்துவ இதழ்கள் பலவும் பின்பற்றும் ஐ.சி.எம்.ஜே.இ. (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) விதிகளில் ஆத்தர் ஆக நான்கு நிபந்தனைகள் உண்டு. டேட்டா சேகரிப்பில் கணிசமான பங்கு இருந்தால் முதல் நிபந்தனைக்குப் போதும். ஆனால் எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், ஆய்வுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ‘டேட்டா மட்டும்தானே எடுத்தாய்’ என்பவர்கள் இங்கேதான் கதவைச் சாத்துவார்கள். முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒவ்வொருவருக்கும் எழுதவும் திருத்தவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பெரும்பாலோர் அந்த வரியைப் படித்திருக்க மாட்டார்கள். அடுத்த தடவை களத்துக்குக் கூப்பிடும்போது, கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள்: ‘வருகிறேன் சார், முறைகள் பகுதியின் முதல் வரைவை நானே எழுதித் தருகிறேன், சரிதானே?’ சண்டை போடும் தொனியே வேண்டாம். வேலையைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறவரை மறுப்பது கஷ்டம்.

சரி, மென்டர். எல்லாம் தெரிந்த ஒருவரைத் தேடாதீர்கள், அப்படி ஒருவர் கிடையாது. உங்களுக்கு இப்போது அவசரமாக வேண்டியது ஆய்வுமுறை தெரிந்தவர். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பதை எப்படி அளக்கப் போகிறீர்கள்? பலரும் யோசிக்காமல் மோரிஸ்கியின் எட்டுக் கேள்வி அளவுகோலை எடுப்பார்கள். அதற்கு உரிமம் வேண்டும், பணம் கட்ட வேண்டும். அனுமதி வாங்காததால் வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டி வந்தவர்களும் உண்டு. கருவாட்டு உப்பையும் ஆய்வில் சேர்க்கும் எண்ணமிருந்தால், ஒரு தடவை எடுத்த சிறுநீர் மாதிரியை வைத்து ஒருவர் சாப்பிடும் உப்பைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, 24 மணி நேரச் சேகரிப்பு தேவைப்படும். அதிகாலையில் வியாபாரத்துக்குக் கிளம்பும் பெண்ணிடம் அது நடக்கிற காரியமா? இதையெல்லாம் முன்பே சொல்ல ஆள் வேண்டும்.

இரண்டாவது, பழக்கவழக்கம் பற்றி ஆராய்ந்தவர். மருத்துவக் கல்லூரிக் குழுக்களில் புள்ளியியலாளர் இருப்பார், உளவியலாளர் பெரும்பாலும் இருக்க மாட்டார். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது. ஒரு பஸ் தூரம்தான். ஜிப்மரின் சமூக மருத்துவத் துறை ஆய்வுகளையும் தேடிப் படியுங்கள். சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் ஆராய்ச்சி முறைப் படிப்பை இன்னும் முடிக்கவில்லையென்றால் முதலில் அதை முடித்துவிடுங்கள். பல அடிப்படைச் சந்தேகங்கள் அதிலேயே தீரும், பெரியவர்களின் நேரமும் மிஞ்சும்.

ஃபெலோஷிப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச். தரும் நிதி பற்றி 2011இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. படிப்பு, பயிற்சி, வெளியீடுகளையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின விஞ்ஞானிகளுக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்த இடைவெளியில் 20 சதவீதத்துக்கு மேல் தலைப்புத் தேர்வோடு தொடர்புடையது என்றது. சமூக மட்டத்திலான தலைப்புகளை அவர்கள் அதிகம் எடுத்தார்கள், அவற்றுக்கு நிதி குறைவாகக் கிடைத்தது. அது அங்குள்ள கணக்கு, இங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘சர்வேதானே’ என்று உதட்டைப் பிதுக்கும் மதிப்பீட்டாளர் இங்கேயும் உண்டு. அதற்காகத் தலைப்பை மாற்றாதீர்கள். அந்த உதட்டுப் பிதுக்கலோடு உங்கள் வரைவைப் படித்துக் கிழித்துப் போடும் ஒருவரிடம் முதலில் கொடுங்கள். பாராட்டுகிறவர்கள் அப்புறம்.

கேட்கும் விதம்: முதல் மெயிலிலேயே ‘எனக்கு மென்டராக இருங்கள்’ என்று எழுதாதீர்கள், யாரும் மிரண்டுவிடுவார்கள். சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், விஷயம் இவ்வளவுதான்: ‘வணக்கம் மேடம். மீன் விற்கும் பெண்கள் பி.பி. மாத்திரையை விடுவது பற்றி ஆய்வு செய்கிறேன். அதை அளக்க மாத்திரைகளை எண்ணுவதா, நேர்காணலா என்று முடிவெடுக்க முடியவில்லை. ஒரு பக்கச் சுருக்கம் இணைத்திருக்கிறேன். இருபது நிமிடம் பேச முடியுமா?’ பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவர். பேசிய பிறகு, அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். உறவு வளர்வது இந்த இரண்டு வரியில்தான்.

கைடிடம் மறைக்க வேண்டாம், வேறு யார் மூலமாகவோ தெரிந்தால்தான் வருத்தம் வரும். மெயில் அனுப்பும் முன் ‘அளவுகோல் விஷயத்தில் இன்னாரிடம் ஆலோசனை கேட்கலாமா சார்?’ என்று கேளுங்கள். நேரமில்லாதவருக்குப் பாரம் குறைகிறது, அநேகமாகச் சரி என்பார். தொடர்ந்து உதவி வேண்டுமென்றால் இணை வழிகாட்டியாகவே சேர்க்க முடியும். பல்துறை ஆய்வுகளில் வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ எடுக்க யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் இடம் தருகின்றன. கைடு தயங்கினால், ஒவ்வொரு செமஸ்டரும் நீங்கள் முன்னேற்றத்தைச் சமர்ப்பிக்கும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் அளவுகோல் சிக்கலைப் பற்றி ஒரு ஸ்லைடு போடுங்கள். ‘வெளி நிபுணர் ஆலோசனை தேவை’ என்று குழுவே கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் யாரிடமும் தனியாக அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்காது.