செல்லுக்குள் வழி தெரிந்தவர் யார்?

அன்புள்ள ஐயா,

அட்ரினலின் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். செல்லின் மேற்பரப்பில் அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பி தூண்டப்பட்டதும் உள்ளே இருக்கும் புரதங்கள் சவ்வுக்கும் உட்கருவுக்கும் நகர்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பாடப் புத்தகத்திலும் அம்புக்குறிதான் போட்டிருக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று புரதத்துக்கு எப்படித் தெரியும்? மோட்டார் புரதங்கள் தூக்கிக்கொண்டு போகும் என்கிறாள் தோழி. சரியா?

ர., எம்.எஸ்ஸி. விலங்கியல், மண்டபம்

அன்புள்ள ர.,

அட்ரினலின் விஷயத்தில் பெரும்பாலும் யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. புரதத்துக்கு வழியும் தெரியாது.

ஏற்பி தூண்டப்படுவதற்கு முன்பே அந்தப் புரதங்கள் செல் முழுக்க அலைந்துகொண்டுதான் இருக்கின்றன. சுற்றியுள்ள மூலக்கூறுகள் ஓயாமல் இடிப்பதால் வரும் அலைச்சல் அது. 10 மைக்ரோமீட்டர், அதாவது சாதாரண செல்லில் பாதித் தூரம், போக ஒன்றிரண்டு நொடி போதும். ஆகவே போய்ச் சேர்வது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கே தங்குகிறது என்பதுதான் ஏற்பி தூண்டப்பட்டதும் மாறுகிறது.

உங்கள் கரையில் வலை நிறையச் சொறி (ஜெல்லிமீன்) அடைந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். சொறி வலையைத் தேடியா வருகிறது? மிதந்து போகிற பாதையில் வலை கிடக்கிறது, சிக்கிக்கொள்கிறது. (நீரோட்டத்துக்காவது ஒரு திசை உண்டு. செல்லுக்குள் அதுவும் கிடையாது.)

பீட்டா-அரெஸ்டின் என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். அட்ரினலின் ஒட்டிய ஏற்பியின் வாலில் ஒரு நொதி பாஸ்பேட்டுகளைப் பொருத்துகிறது. அதுவரை சவ்வுப் பக்கம் வந்து வந்து விலகிக்கொண்டிருந்த அரெஸ்டின், இப்போது அந்த வாலைப் பிடித்துக்கொள்கிறது. அரெஸ்டினோடு பச்சை ஒளிர்வுப் புரதத்தை இணைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், முதலில் செல் முழுவதும் சீரான பச்சை. சில நிமிடங்களில் உட்பகுதி மங்கி விளிம்பு பளிச்சென்று ஆகும். வேகமாக ஓட்டிய வீடியோவில் எல்லாம் விளிம்பை நோக்கிப் பாய்வதுபோல் இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

அப்புறம், அந்தப் பச்சைப் புரதம் வந்ததே ஒரு சொறியிலிருந்துதான். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் மிதக்கும் இனம் அது. ஒசாமு ஷிமோமுரா 1960களில் அதிலிருந்து பிரித்தெடுத்தார். 2008இல் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் இருவரோடு வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். மண்டபத்துப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

உட்கருவுக்குள் போவது இன்னும் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அதற்கு வாசல் உண்டு. புரத கைனேஸ் ஏ என்ற நொதி, சும்மா இருக்கும்போது ஒழுங்குபடுத்தும் துணைப்பகுதியின் பிடியில் இருக்கிறது. ஏற்பி தூண்டப்பட்டு சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற செய்தி கடத்தும் சிறு மூலக்கூறு பெருகினால் பிடி விடுகிறது. வேலை செய்யும் பகுதி சிறியது, எடை சுமார் 40 கிலோடால்டன்தான். உட்கருத் துளை வழியாகத் தானாகவே கசிந்து போய்விடும். பெரிய புரதங்களுக்கு அது முடியாது, அனுமதிச்சீட்டு வேண்டும், அதாவது புரதத்திலேயே இருக்கும் ஒரு சிறு அடையாளப் பகுதி. என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதத்தில் அந்தச் சீட்டை இன்னொரு புரதம் மறைத்து வைத்திருக்கும். அழற்சிச் செய்தி வந்ததும் மறைத்தது அழிக்கப்படும். வெளியே தெரிந்த சீட்டை இம்போர்ட்டின் என்ற கடத்திப் புரதம் பிடித்து வாசலைக் கடத்திவிடும். வாசல் வரைக்கும் இதுவும் அலைச்சல்தான்.

சரி, தோழி எங்கே ஜெயிக்கிறாள்? நரம்பு செல்லில். அலைந்து போகும்போது தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். முதுகுத்தண்டு அருகிலிருந்து பாதம் வரை நீளும் இழை கிட்டத்தட்ட 1 மீட்டர். புரதம் அதை அலைந்தே கடக்க நூற்றாண்டுகள் ஆகும். அதனால் நரம்பு வளர்ச்சிக் காரணி இழையின் நுனியில் ஒட்டியதும், அதை ஏற்பியோடு சேர்த்து ஒரு சிறு பைக்குள் இழுத்து, டைனீன் என்ற மோட்டார் புரதம் செல்லுக்குள் தண்டவாளம்போல் ஓடும் நுண்குழல்களின் மேல் சுமந்துகொண்டு செல் உடலுக்குப் போகிறது. நொடிக்கு சுமார் 1 மைக்ரோமீட்டர் வேகம். எங்கும் நிற்காமல் போனால் 12 நாள் பயணம். வழியில் நின்று நின்று போவதால் இன்னும் கூடும்.