கைகள் மட்டும் இருந்தால் போர்ட்ரெய்ட் ஆகாதா?

வணக்கம் சார்,

எங்கள் ஊர் கேமரா கிளப்பில் சென்ற மாதம் 'கறுப்பு வெள்ளை போர்ட்ரெய்ட்' என்று ஒரு போட்டி வைத்தார்கள். இரண்டு படம் அனுப்பினேன். ஒன்று, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தாவின் முகம். தூரத்தில் நின்று 200 எம்எம் லென்ஸில் எடுத்தது, அவருக்குத் தெரியாது. இன்னொன்று, தறியில் உட்கார்ந்திருக்கும் என் பெரியப்பாவின் கைகள். சின்ன வயதில் ஒடிந்து சரியாகக் கூடாமல் போன சுண்டுவிரல் அதில் நன்றாகத் தெரியும். தாத்தா படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கைகளை, 'முகமே இல்லை, இது எப்படி போர்ட்ரெய்ட்?' என்று முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

முகம் இருந்தால்தான் போர்ட்ரெய்ட்டா? எடுக்கப்படுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமா? அப்புறம், கலரில் சுமாராக இருந்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் 'ஆழம் வந்துவிட்டது' என்கிறார்களே, அது உண்மையா?

ஒரு வாசகர்,
அருப்புக்கோட்டை

*

அன்புள்ள நண்பருக்கு,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் பரிசு வாங்கிய படத்தின் மேல்தான்.

முகம் இல்லாவிட்டால் போர்ட்ரெய்ட் இல்லை என்று சொன்னவர்கள் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸையும் முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பார்கள். ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபை அவர் 1917 முதல் 1937 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அதில் கைகள் மட்டும் உள்ளவை நிறைய. தைத்துக்கொண்டிருக்கும் கை, போட்டிருக்கும் கோட்டைப் பற்றியிருக்கும் கை, சும்மா காற்றில் விரிந்த கை. கழுத்தும் உடலும் மட்டும் உள்ளவையும் உண்டு. எல்லாம் சேர்ந்துதான் ஓ'கீஃபின் போர்ட்ரெய்ட் என்பது ஸ்டீக்லிட்ஸின் கட்சி. ஒரு குழந்தை பிறந்த நாளிலிருந்து தொடங்கி அதன் வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொண்டே போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு மனிதரை ஒரே படத்தில் முடித்துவிட்டதாக நினைக்கிற எல்லோருமே அவசரக்காரர்கள்தான்.

இன்னும் தூரம் போனவர்களும் இருக்கிறார்கள். புகைப்படக்காரர் ஆந்த்ரே கெர்டெஸ் 1926இல் பாரீஸில் ஓவியர் மோந்த்ரியான் வீட்டுக்குப் போய், மேஜைமேல் கிடந்த அவருடைய மூக்குக்கண்ணாடியையும் புகைக்குழாயையும் எடுத்தார். ஆளே இல்லை. அதை போர்ட்ரெய்ட் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் சொல்கிறவர்களோடு சண்டைக்கும் போக மாட்டேன். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸோன் 1961இல் எடுத்த ஜியாகோமெட்டி படத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மழையில் கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடக்கிறார் சிற்பி. முகம் பாதி கோட்டுக்குள். ஆனால் அவர் செய்த ஒல்லி மனிதச் சிலைகளைப் பார்த்தவர்களுக்கு, அவற்றில் ஒன்றே எழுந்து நடந்து வருவதுபோல இருக்கும். வேறொருவர் அதே கோட்டோடு அதே மழையில் நடந்திருந்தால் அது மழைக்காலத்து பாரீஸ் படம், அவ்வளவுதான்.

நான் வைத்துக்கொள்கிற சோதனை இதுதான்: ஆளை மாற்றிப் பாருங்கள். படம் அப்படியே நிற்கிறதா, விழுந்துவிடுகிறதா?

உங்கள் பஸ் ஸ்டாண்ட் தாத்தாவை எழுப்பிவிட்டு, அதே வயதில் அதே மாதிரி சுருக்கம் விழுந்த இன்னொருவரை உட்காரவைத்தால் உங்கள் படத்துக்கு எதுவும் ஆகாது. அதே பரிசு கிடைக்கும். அது முதுமையைப் பற்றிய படம், அந்தத் தாத்தா அதற்குக் கிடைத்த உதாரணம். நம் ஊர்ப் போட்டிகளில் சுவரெங்கும் தொங்குகிற தாடி வைத்த சாமியார்கள், பொக்கைவாய்ப் பாட்டிகள் எல்லோரும் இந்த வகைதான். பெரியப்பாவின் கை அப்படியில்லை. நாடாக் கயிற்றை மற்ற விரல்கள் பிடித்து இழுக்க, அந்தச் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் ஒதுங்கி நிற்கிறது. அதை அப்படி ஒதுக்கிவைத்தே இத்தனை வருஷம் நெய்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிகிறது. அங்கே வேறு யார் கையையும் வைக்க முடியாது.

ஆனால் அதற்கு நீங்கள் வைத்த தலைப்பு 'உழைப்பு'. இது படத்துக்கு நீங்களே செய்த துரோகம். அப்படித் தலைப்பு வைத்தால் நடுவர்களும் உழைப்பைத்தான் பார்ப்பார்கள். ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளிகளையும் வேலை தேடி அலைந்தவர்களையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். தலைப்பில் பெயர், தொழில், ஊர், தேதி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் படங்களில் அவர் அந்த மக்களைக் கடுமையாகக் காட்டிவிட்டார் என்ற சண்டை உண்டு. இருக்கட்டும். தலைப்பு விஷயத்தில் அவரைப் பின்பற்றலாம். பெரியப்பாவின் பெயரைப் போடுங்கள்.

இரண்டாவது கேள்வி. தெரியாமல் எடுத்தால் போர்ட்ரெய்ட் ஆகாது என்று நான் விதி போட மாட்டேன், போட்டால் வாக்கர் எவன்ஸை வெளியேற்ற வேண்டிவரும். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் எட்டிப்பார்க்க, எதிர் இருக்கைக்காரர்களை எடுத்தார். புத்தகமாக வந்தது 1966இல்தான். கேமரா முன்னால் நாம் மாட்டிக்கொள்கிற முகத்தை அவர்கள் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. அதில் சிலர் என் சோதனையில் தேறுகிறார்கள், பலர் வெறும் பயணிகள். கேட்காமல் எடுப்பது சரியா என்பது வேறு வழக்கு. அதையும் இதையும் குழப்பிக்கொள்வதால்தான் கிளப்புகளில் விவாதம் முடியாமல் இழுக்கிறது.

இந்தச் சோதனையால் எனக்கே சங்கடம் வருகிற படம் ஒன்று உண்டு. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் டொரோதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்'. உலகமே பார்த்த முகம். லாங் அவர் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்று 1978இல்தான் வெளியே தெரிந்தது. அப்போது அவர், அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்ற பொருளில்தான் பேசினார். அமெரிக்கப் பொருளாதார மந்த காலத்தின் அடையாளமாக அதைப்போல இன்னொரு படம் இல்லை. ஆனால் ஃப்ளோரன்ஸின் போர்ட்ரெய்ட்டா என்று கேட்டால், இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நண்பர்கள் இதற்காக என்னோடு மல்லுக்கு நிற்பார்கள்.

'அப்படியானால் ஆகஸ்ட் ஸாண்டர்?' என்று நீங்கள் மடக்கலாம். அவரும் தொழிலைத்தானே தலைப்பாகப் போட்டார்? விவசாயி, வக்கீல், கேக் செய்பவர் என்று ஜெர்மானிய சமூகத்தையே வகை பிரித்து அடுக்கப் பார்த்தவர். 1929இல் 60 படங்களோடு முதல் தொகுப்பு வந்தது. 1936இல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். வகைக்காக எடுத்தவைதான், ஆனால் எடுக்கப்பட்டவர்கள் வகைக்குள் அடங்க மறுக்கிறார்கள். பாத்திரமும் கையுமாக நிற்கும் அந்தப் பருத்த கேக்காரரைப் பாருங்கள். அந்த நிற்பு அவருடையது மட்டும்தான். ஸாண்டர் அவர்களை அவசரப்படுத்தவில்லை, தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்களோ அப்படி நிற்க விட்டார். அந்த மரியாதை தலைப்பையும் மீறிப் படத்தில் நின்றுவிட்டது.

ஸாண்டரிடமே இன்னொன்றும் இருக்கிறது. 1938 வாக்கில் கொலோன் நகரத்து யூதர்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். போருக்குப் பிறகு அந்தப் படங்களைத் தன் பெருந்தொகுப்பில் ஒடுக்கப்பட்டவர்களுக்கென ஒரு பகுதியாகச் சேர்த்தார். அரசாங்கம் ஆளைப் பிரித்து வைக்கக் கேட்ட படம், இன்று அந்த ஆளைத் தவிர வேறெதையும் சொல்லாத படம். நம் வீடுகளில் மட்டும் என்ன? ரேஷன் கார்டிலும் ஓட்டர் ஐடியிலும் இருந்த முகத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு வைத்திருக்கிறோம். அதைவிட்டால் அவருக்கு வேறு படமே இருக்காது. பாஸ்போர்ட் சைஸ் படம் போர்ட்ரெய்ட் ஆகாது என்பவர்கள் அந்த வீட்டுக்குள் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

கடைசிக் கேள்வி, கறுப்பு வெள்ளை. கலரை எடுத்தால் தாத்தாவுக்குப் பின்னால் இருந்த ஊதா நிற பிளக்ஸ் போர்டு கண்ணை இழுக்காது. அது நல்லதுதான், ஆனால் அது ஆழம் இல்லை. நீங்கள் 'ஆழம்' என்று பார்ப்பது எடிட்டிங்கில் விளிம்புகளைக் கூர்மையாக்கும் கிளாரிட்டியைக் கன்னாபின்னாவென்று ஏற்றியதால் சுருக்கங்கள் வெட்டுக்காயம் மாதிரி ஆனது. பாதிக்குக் கீழே இறக்குங்கள்.

பெரியப்பா படத்தில் வேறு பிரச்சினை, தோல் வெளுத்துவிட்டது. பழைய ஆர்த்தோகுரோமட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் தோல் கூடுதலாகக் கறுத்து விழும். ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து வெளுப்பாக்குவார்கள். சிவப்பையும் பார்க்கிற பான்குரோமட்டிக் வந்த பிறகும் அந்தப் பென்சில் ஓயவில்லை, வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்டார்கள். இப்போது அதே வேலையை எடிட்டிங் சாஃப்ட்வேரில் உள்ள சிவப்பு, ஆரஞ்சு ஸ்லைடர்கள் செய்கின்றன. நம் தோலிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் சிவப்புதான் அதிகம், அவற்றைக் கொஞ்சம் ஏற்றினாலே இரண்டு ஷேடு வெளுத்துவிடும். நீங்கள் நன்றாகவே ஏற்றியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், பாவு நூலும் பெரியப்பாவின் மணிக்கட்டும் கிட்டத்தட்ட ஒரே வெளுப்பில் இருக்கின்றன. ஆரஞ்சைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். பிரிண்டில் படம் ஸ்க்ரீனில் தெரிவதைவிட இருட்டாகத்தான் வரும், பயந்துபோய் மறுபடி ஏற்றிவிடாதீர்கள்.