தை முகூர்த்தமும் 42 கிலோமீட்டரும்: கேள்வி பதில்

மதுரையில் பந்தல், மேடை அலங்காரம் எடுத்துச் செய்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஓடுகிறேன். ராத்திரி முழுக்க மண்டபத்தில் நின்றுவிட்டு மறுநாள் ஓடிப் பார்த்து அனுபவப்பட்டவன் என்பதால், கல்யாணம் நிச்சயமான ஓட்டக்காரப் பிள்ளைகள் என்னிடம் கேட்க வந்துவிடுகிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். டாக்டர் பார்க்க வேண்டிய வலியை டாக்டரிடம் காட்டுங்கள். நான் பந்தல்காரன்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை: அண்ணே, தை கடைசியில் கல்யாணம். ஜனவரியில் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். முதல் முழு மாரத்தான். இரண்டும் நடக்குமா?

நடக்கும் தம்பி. உனக்கு நாள் நல்லபடியாகத்தான் அமைந்திருக்கிறது. சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரி முதல் வாரத்தில் வரும். அப்போது மார்கழி. வீட்டில் புதிதாக எந்த நல்ல காரியத்தையும் தொடங்க விடமாட்டார்கள், உன்னையும் அங்கே இங்கே அலைக்கழிக்க மாட்டார்கள். ஓட்டம் முடிந்து தை கடைசி வரை நாலு வாரத்துக்கு மேல் இருக்கிறது. கால் தேற அது போதும்.

சிக்கல் கார்த்திகையில்தான். முழு மாரத்தானுக்கு வழக்கமாக 16 வாரம் பயிற்சி. ஜனவரி முதல் வாரத்திலிருந்து அதைப் பின்னால் எண்ணினால் பயிற்சி புரட்டாசிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கும். ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும். ஆக 26, 28, 30 கிலோமீட்டர் என்று நீளும் ஞாயிறுகள் எல்லாம் கார்த்திகையில் வந்து விழும். மார்கழி பிறப்பதற்குள் ஜவுளி, நகை, பத்திரிகை எல்லாம் முடிய வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுவதும் அதே கார்த்திகையில்தான். இரண்டும் மோதினால் தோற்பது ஓட்டம்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

அதனால் நீ செய்ய வேண்டியது, கடை வேலையைப் புரட்டாசிக்கு இழுப்பது. ஐப்பசி பிறந்தால் தீபாவளிக் கூட்டம், ஜவுளிக்கடைகள் இருக்கும் விளக்குத்தூண் பக்கம் நடக்கக்கூட முடியாது. புரட்டாசியில் பல வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை, கடையில் நிம்மதியாகப் பார்க்கலாம். தாலிக்குப் பொன் உருக்குவதையும் முகூர்த்தப்பட்டையும் அப்போது பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விடு. அத்தை, சித்தி, சம்பந்தி வீட்டுக்காரர்கள் என்று முப்பது பேருக்கு எடுக்கும் துணிக்கு யாரும் நாள் பார்ப்பதில்லை. அலைச்சலில் முக்கால்வாசி அதுதானே?

வில்லாபுரத்திலிருந்து ஒரு மணப்பெண்: சனிக்கிழமை கடைக்குப் போனால் ஞாயிறு 18 கிலோமீட்டர் ஓட முடியவில்லை. கால் கல்லாகக் கனக்கிறது. நான் பயிற்சியில் பின்தங்கிவிட்டேனா?

இல்லை தங்கச்சி. நீங்கள் சனிக்கிழமையே ஓடிவிட்டீர்கள், கணக்கில்தான் எழுதவில்லை. வண்டியை எங்கோ விட்டுவிட்டு மாசி வீதியிலிருந்து நடந்து, தெற்காவணி மூல வீதியில் நாலு நகைக்கடை ஏறி இறங்கி, அப்புறம் ஜவுளிக்கடையில் மூன்று மாடி. ஆறு மணி நேரம் நின்றதும் பயிற்சிதான். கெட்ட பயிற்சி. தரை கெட்டி, செருப்பு தட்டை, தண்ணீர் குடிப்பது கிடையாது.

எல்லோரும் நேரம் இல்லை, நேரம் இல்லை என்கிறார்கள். எனக்கென்னவோ பற்றாக்குறை காலில்தான் என்று படுகிறது. கல்யாண வேலை எவ்வளவு நேரம் தின்கிறது என்று பார்க்காதீர்கள், எவ்வளவு காலைத் தின்கிறது என்று பாருங்கள். மண்டபத்துக்காரரிடம் போனில் இரண்டு மணி நேரம் பேரம் பேசலாம், ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அரை மணி நேரம் பாத்திரக்கடையில் நின்றால் போச்சு.

கடை வேலையை ஞாயிறு நீள ஓட்டத்துக்கு முந்தின நாள் வைக்காதீர்கள். புதன், வியாழன் சாயங்காலம் போங்கள், அன்றைய ஓட்டத்தை விட்டுவிடுங்கள். சனிக்கிழமைதான் அப்பாவுக்கு லீவு என்றால், ஞாயிறு ஓட்டத்தைச் செவ்வாய் விடிகாலைக்குத் தள்ளிப் பாதி தூரம் ஓடுங்கள். ஓட்டக் காலணியைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள், சுடிதாருக்குப் பொருந்தவில்லை என்று அம்மா சொல்வதைக் காதில் வாங்க வேண்டாம். பட்டுச்சேலைப் பிரிவில் ஜமக்காளம் விரித்திருப்பார்களே, முதல் ஆளாக உட்காருங்கள். கல்யாணப் பெண்ணை எழுப்ப யாருக்கும் தைரியம் வராது.

ஓட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் குறைந்தது எத்தனை நாள் வேண்டும்?

நாலு வாரம். மூன்று வாரத்துக்குக் கீழே போகவே கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நான் ஒன்பது நாள் இடைவெளியில் செய்தவன்.

காசு கட்டியாகிவிட்டது, விட மனசில்லை, ஓடினேன். வந்த மூன்றாம் நாள் சளி பிடித்தது. நலுங்கில் மஞ்சள் பூசப் பூச மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகூர்த்தத்தன்று மணையில் சம்மணம் போட்டு முக்கால் மணி நேரம். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல இடது தொடையில் பிடிப்பு ஏறுகிறது. முதல் முடிச்சை நான் போட்டேன், மற்ற இரண்டை அக்கா போட்டாள். அட்சதை விழுகிறது, எல்லோரும் எழுந்திரு என்கிறார்கள், எனக்குக் கால் வரவில்லை. மைத்துனர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். அக்கினியை மூன்று சுற்றும் நொண்டிக்கொண்டே வந்தேன். பெண் வீட்டுப் பாட்டி ஒருவர், மாப்பிள்ளைக்குக் கால் கொஞ்சம் குறையோ என்று கேட்டிருக்கிறார். வீடியோவில் இன்றும் தெளிவாகக் கேட்கும்.

மேலூரிலிருந்து ஓர் அம்மா: தம்பி, என் மகளுக்கு மாசியில் கல்யாணம். விடிகாலை நாலரைக்கு ஓடுகிறேன் என்று தனியாகக் கிளம்பிவிடுகிறாள். மேலூர் ரோட்டில் லாரிகள். சொன்னால் கோபிக்கிறாள்.

அம்மா, உங்கள் பயம் நியாயம். அந்த இருட்டில் நாற்கரச் சாலையில் யாரும் தனியாக ஓடக்கூடாது, ஆணும்தான். ஆனால் ஓடாதே என்று சொல்லாதீர்கள், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மதுரைக்கு வர முடிந்தால் வண்டியூர் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டர் பக்கம் வரும். விடிகாலையிலேயே நடக்கிறவர்கள் கூட்டம் இருக்கும். நீங்களும் கூடவே போய்ச் சுவரில் உட்காரலாம், ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மகள் உங்களைத் தாண்டிப் போவாள். வேகப் பயிற்சிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானம் இருக்கிறது. நீள ஓட்டத்துக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அழகர்கோவில் ரோடு. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், ஓடிப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பலாம்.

மகளுக்கு ஒரு வார்த்தை: காப்புக் கட்டிய பிறகு ஓட்டம் கிடையாது. சாஸ்திரத்துக்காக இல்லாவிட்டாலும், கணுக்கால் பிசகினால் பார்க்க நாள் இல்லை என்பதற்காக.

கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. மெட்டி போடும் நேரத்தில் எல்லோரும் காலைத்தானே பார்ப்பார்கள்?

நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது. நகம் காலணியின் முனையில் திரும்பத் திரும்ப இடித்ததால் வந்தது. பெருவிரல் நகம் முழுசாகப் புதிதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், முகூர்த்தத்துக்குள் நடக்காது. பிய்க்காதீர்கள். வலியும் வீக்கமும் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் அடர்த்தியாக மருதாணி. இனிமேல் அரை அளவு பெரிய காலணி வாங்குங்கள், நீளமாக ஓடினால் பாதம் வீங்கும். அதே காரணத்துக்காக மெட்டிக்கு அளவு கொடுப்பதையும் சாயங்காலமாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கொடுத்த அளவு முகூர்த்தம் முடிவதற்குள் விரலை இறுக்கும்.

ரவிக்கைக்கு எப்போது அளவு கொடுப்பது? இரண்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டேன்.

ஓட்டத்துக்கு முன்னால் பயிற்சித் தூரம் குறையும் அந்த இரண்டு மூன்று வாரங்களில். அதற்கு முன்னால் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தையல்காரரிடம் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஆனால் மூன்று கிலோ எனக்குப் பிடிக்கவில்லை. ஓட்டத்தையும் பட்டினியையும் சேர்த்துச் செய்கிறீர்களோ? மேடையில் மயங்கி விழுந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். சோறு சாப்பிடுங்கள்.

ஓட்டம் முடிந்து ஜிகர்தண்டா குடிக்கலாமா?

குடி தம்பி. ஒன்று.

பத்திரிகை வைக்கப் போகும் இடமெல்லாம் காபி, கேசரி, ராத்திரிக்குப் பரோட்டா. எப்படிச் சமாளிப்பது?

வேண்டாம் என்றால் மாமா வருத்தப்படுவார், சாப்பிடுங்கள். இனிப்பால் ஓட்டக்காரனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. நீள ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் பக்கம் வரும். ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும் மட்டும் கூடாது, பத்தாவது கிலோமீட்டரில் புதர் தேட வேண்டியிருக்கும். வெயிலில் அலைந்த நாளில் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாமல், உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள்.

கல்யாணம் வைகாசியில். சித்திரையில் பயிற்சி செய்து மாரத்தான் ஓடலாமா?

வேண்டாம். 10 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள். சித்திரை வெயிலில் ஆறு மணிக்கே உடம்பு கொதிக்கிறது. அழகர் வரும் நாட்களில் அழகர்கோவில் ரோடும் கிடைக்காது. அவரே மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று நின்றுதான் வருகிறார், நீ எங்கே ஓடுவது?

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து: நிச்சயம் ஆன நாளிலிருந்து ராத்திரி ஒரு மணி வரை போன். நாலரைக்கு அலாரம். சீக்கிரம் படுக்கிறேன் என்றால் அவள் முகம் வாடுகிறது.

நான் பார்த்தவரை நிச்சயத்துக்குப் பிறகு ஓட்டத்தைக் கெடுப்பது இதுதான். மூன்றரை மணி நேரத் தூக்கத்தில் 30 கிலோமீட்டர் போனால் முட்டி பிடிக்கும். அடுத்த நாள் நீ பேசும் பேச்சும் சரியாக இருக்காது.

அவளிடம் நேராகச் சொல். வெள்ளி, சனி ராத்திரி ஒன்பதரைக்கு முடித்துக்கொள்வோம், மற்ற நாள் உன் இஷ்டம் என்று. இன்னொரு வழியும் இருக்கிறது. மெதுவாக ஓடும் நாளில் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அந்த ஓட்டத்தில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு அவளோடு பேசு. அவள் ஐந்து மணிக்கு எழுந்திருப்பாளா என்பது வேறு கேள்வி. என் பந்தல் பையன் ஒருவனுக்கு இதைச் சொன்னேன். நாலு நாள் அந்தப் பெண் எழுந்தாள், ஐந்தாம் நாள் முதல் அவளே பத்து மணிக்குப் போனை வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

புதிதாகக் கல்யாணமானவள்: மஞ்சள் கயிற்றோடு ஓடினால் கழுத்து அரிக்கிறது. கழற்றவும் மனசில்லை. என்ன செய்வது?

இதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. வீட்டில் கேட்டேன். என் மனைவியும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவள். அவள் சொன்னது: தாலியைப் பனியனுக்குள் போட்டு, தோள்பட்டைக்குப் பக்கத்தில் கயிற்றை ஊக்கால் குத்திக்கொள், ஆடாது. ஓடி வந்ததும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடு, அரிப்பு வேர்வை உப்பால்தான் வருகிறது. மஞ்சளை ஓடப் போவதற்கு முன்னால் பூசாதே, குளித்த பிறகு பூசு. வெள்ளைப் பனியனில் பட்டால் போகவே போகாது, எனக்கு இரண்டு போயிருக்கிறது.