ஆவக்கா ஜாடியை அலமாரியிலயே வையுங்க

கேள்வி: வெளிநாட்டுல இருக்குற என் மச்சான் போன் பண்ணாலே பிக்கிள் மார்கரீட்டான்னு ஒரு டிரிங்க் பத்தி ஒரே புகழ்ச்சி. பொங்கலுக்கு ஊருக்கு வர்றாரு, வீட்டுலயே செஞ்சு குடுக்கலாம்னு ஆசை. பிக்கிள்னா ஊறுகாதானே? மாமியார் ஆந்திராவுல இருக்குற குப்பம் ஊர்ல இருந்து குடுத்தனுப்புன ஆவக்கா ஒரு ஜாடி இருக்கு, அதை மிக்சியில அடிச்சு வடிகட்டி ஊத்துனா சரியா வருமா? அதுல ஊத்துற டெக்கீலாங்கற மெக்சிகோ சரக்கு கிடைக்கலேன்னா பார்டர் பக்கம் கிடைக்கிற நாட்டுச்சரக்கை ஊத்திக்கலாமா?
– வேப்பனஹள்ளி வாசகர்

பதில்: ரெண்டுமே வேணாம் தம்பி.

ரெண்டாவதை முதல்ல சொல்லிடறேன், அது உயிர் சமாச்சாரம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால்ங்கற விஷம் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. மெத்தனால் கலந்திருக்கான்னு நாக்குல வச்சுப் பாத்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது, அதுலயும் எலுமிச்சை உப்பு எல்லாம் சேர்த்துட்டா சுத்தமா தெரியாது. உங்க கேள்வியில அந்த ஒரு வரியைப் படிச்சதும் எனக்கு மனசு பதறிடுச்சு. ஆசையா வர்ற மனுசன் கையில அதையா குடுப்பீங்க? டெக்கீலா கிடைக்கலேன்னா அன்னைக்கு இந்த டிரிங்க் கிடையாது, அவ்வளவுதான்.

இப்ப ஆவக்கா. தெலுங்குல ஆவன்னா கடுகு. கடுகுப்பொடி, மொளகாப்பொடி, உப்பு, நல்லெண்ணெய், வெந்தயம், சில வீட்டுல பூண்டு, இத்தனையும் மாங்காயில சேர்ந்து ஊறுன சாமான் அது. நீங்க கேட்டுட்டீங்களேன்னு நான் ஒரு ஸ்பூன் ஆவக்காயை எடுத்து ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ்ல கலக்கிப் பாத்தேன். எண்ணெய் சின்னச் சின்ன சிவப்புப் பொட்டா மேல மிதந்துச்சு, கிளாஸ் ஓரம் பூரா வளையமா ஒட்டிக்கிச்சு, கடுகுப்பொடி அடியில போய் வண்டலா உக்காந்துக்கிச்சு, ஒரு வாய் குடிச்சா முதல்ல எண்ணெய் உதட்டுல பூசுது, அப்புறம் கடுகு தொண்டையில கரகரங்குது, எலுமிச்சை எங்க போச்சுன்னே தெரியல. வடிகட்டுனாலும் எண்ணெய் போகாது. உங்க மாமியார் வெயில்ல காயவச்சு கை வலிக்கக் கலந்தது சுடுசோத்துக்கு, அதைப் போய் ஐஸ்ல கொட்டி வீணாக்காதீங்க.

உங்க மச்சான் சொல்ற பிக்கிள் வேற. அமெரிக்காவுல வெறுமனே பிக்கிள்னு சொன்னா வெள்ளரிப்பிஞ்சு. உப்புத்தண்ணியிலயோ வினிகர்லயோ சதகுப்பை, பூண்டு எல்லாம் போட்டு ஊறவச்சது, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. டிரிங்க்ல போறது அந்த வெள்ளரி கூட இல்ல, அது ஊறுன தண்ணி. (ஊறல்னு எழுதலாம்னு பாத்தேன், நம்ம பக்கம் அந்த வார்த்தைக்கு சாராய ஊறல்னுதான் அர்த்தம், அதனால உப்புத்தண்ணின்னே சொல்றேன்.) உப்பு கசப்பை அமுக்கிடும், அதனாலதான் மார்கரீட்டா கிளாஸ் விளிம்புல ஆதியில இருந்தே உப்பு தடவுறாங்க, பிக்கிள் தண்ணி ஊத்துறவங்க அந்த உப்பை கிளாஸுக்கு உள்ளயும் கொண்டுவர்றாங்க.

எனக்கு ஆதங்கமே இங்கதான். அந்த வெள்ளரிப்பிஞ்சு உங்க ஊரைச் சுத்தியே விளையுது தம்பி! கிருஷ்ணகிரி பக்கமும் அந்தாண்ட குப்பம் பக்கமும் கம்பெனிக்காரங்க விதை குடுத்து, ஒப்பந்தம் போட்டு, விளைஞ்சதைத் திரும்ப வாங்கிட்டுப் போறாங்களே கெர்கின், அதேதான். உலகத்துல கெர்கின் அதிகமா ஏத்துமதி பண்ற நாடுகள்ல இந்தியாவும் ஒண்ணு, தமிழ்நாடு கர்நாடகா ஆந்திரா மூணுலயும் விளையுது, டிரம்ல உப்புத்தண்ணியோ வினிகரோ ஊத்தி கப்பல் ஏத்திடறாங்க, நம்ம ஊர் இலையில ஒண்ணு கூட விழறதில்ல. நான் ஒருதடவை காலையில பொழுது விடியற நேரத்துல ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன், பொம்பளைங்க குனிஞ்சு குனிஞ்சு பறிக்கிறாங்க, விரல் நீளம்தான் காய், மேல சின்னச் சின்ன முள்ளு, நுனியில காஞ்ச மஞ்சப்பூ இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒருநாள் பறிக்காம விட்டா பெருத்துடும், பெருத்தா விலை இல்ல, சின்னதுக்குத்தான் நல்ல விலை. வளைஞ்சது பெருத்தது எல்லாம் கழிச்சு ஓரமா குவிச்சு வச்சிருந்தாங்க, மாட்டுக்காம். அதுல ஒண்ணை எடுத்து வேட்டியில துடைச்சுக் கடிச்சேன், நறுக்குன்னு இருந்துச்சு, காம்புப் பக்கம் லேசா கசப்பு. பயிர் பண்றவங்க யாருமே அதை ஊறவச்சு சாப்பிட்டதில்லைன்னு சொன்னாங்க. உங்க மச்சான் வெளிநாட்டுல காசு குடுத்து வாங்குற பாட்டில் எந்த மண்ணுல விளைஞ்சதோ, நமக்கென்ன தெரியும்.

அதனால முதல்ல வெள்ளரியை ஊறவையுங்க. ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிக்கவச்சு ஆறவிட்டு அதுல 50 கிராம் கல்லுப்பு கரைச்சுக்கோங்க. அரைக்கிலோ பிஞ்சை நல்லா கழுவி, பூ ஒட்டியிருக்குற நுனியை மட்டும் கொஞ்சமா சீவிடுங்க, அந்த நுனியிலதான் காயைக் கொழகொழன்னு ஆக்குற நொதி இருக்கு, அதை விட்டுட்டா நறுக்குத்தன்மை போயிடும். கண்ணாடி ஜாடியில ஆறு பல் பூண்டு, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சதகுப்பை விதை. விதை நாட்டுமருந்துக் கடையில கிடைக்கும். ஓசூர் சந்தைப் பக்கம் போனீங்கன்னா சதகுப்பை கீரையே கேட்டுப் பாருங்க, கன்னடத்துல சப்சிகே சொப்புன்னு சொல்வாங்க, ஒரு கைப்பிடி போட்டா வாசனை தூக்கும். காய் முழுக்க தண்ணிக்குள்ள முங்கியிருக்கணும், மேல ஒரு சின்னக் கிண்ணத்தை பாரமா வச்சிடுங்க, வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா பூசணம் பிடிக்கும். தினமும் ஒருதடவை மூடியைத் திறந்து காத்தை விடுங்க. நம்ம வெயிலுக்கு நாலஞ்சு நாள் போதும், பொங்கல் குளிருக்கு ஒரு வாரம் ஆகலாம். தண்ணி கலங்கி வெள்ளையா ஆகும், பயப்படாதீங்க, நாத்தம் அடிச்சாலோ பஞ்சு மாதிரி கருப்பா பச்சையா பூசணம் வந்தாலோ மட்டும் மொத்தத்தையும் கொட்டிடுங்க. புளிச்சு நாக்குல சுர்ருன்னு வந்ததும் ஃப்ரிட்ஜுல ஏத்திடுங்க.

வடுமாங்காத் தண்ணி ஊத்தலாமேன்னு அடுத்து எழுதுவீங்க. அதுல விளக்கெண்ணெய் தடவியிருப்பாங்க, உப்பும் இதைவிட பல மடங்கு, வேணாம்.

டிரிங்க்குக்கு வருவோம். ஒரு ஆளுக்கு டெக்கீலா 50 மில்லி, ட்ரிபிள் செக்னு ஆரஞ்சு வாசனை மதுபானம் ஒண்ணு இருக்கு அது 20, எலுமிச்சை ஜூஸ் 15, இது உலகம் பூரா பார்கள்ல ஏத்துக்கிட்ட மார்கரீட்டா கணக்கு. அதோட நம்ம வெள்ளரித் தண்ணி வடிகட்டி 15 மில்லி, அதுக்கு மேல போகாதீங்க. ஐஸ் நிறைய போட்டு, ஷேக்கர் இல்லேன்னா மூடி இறுக்கமா இருக்குற பாட்டில்ல, கை சில்லிட்டுப்போற வரைக்கும் குலுக்கணும். கிளாஸ் விளிம்புல பாதிக்கு மட்டும் எலுமிச்சை தடவி உப்புல ஒத்துங்க, தண்ணியிலயே உப்பு இருக்கே. எலுமிச்சை விஷயத்துல நமக்கு ஒரு கொடுப்பினை, மெக்சிகோக்காரங்க பிழியற சின்ன எலுமிச்சையும் நம்ம தோட்டத்து எலுமிச்சையும் ஒரே ஜாதி, பாட்டில் ஜூஸ் பக்கமே போகாதீங்க. மார்கரீட்டான்னா ஸ்பானிஷ்ல டெய்சிப்பூ. அதைக் கண்டுபிடிச்சது நான்தான்னு நிறைய பேர் சொல்லியிருக்காங்க, அதுல பல கதைங்க 1930, 40கள்ல மெக்சிகோ அமெரிக்கா பார்டர்ல இருந்த ஊருங்களச் சுத்தித்தான், நம்ம மாதிரியே ரெண்டு பாஷை புழங்குற ஊருங்க.

டெக்கீலா எங்க கிடைக்கும்? மச்சான்கிட்டயே சொல்லிடுங்க, வெளிநாட்டுல இருந்து வர்றவங்க 2 லிட்டர் வரைக்கும் டியூட்டி இல்லாம கொண்டு வரலாம், லேபிள்ல 100 சதவீதம் அகாவேன்னு (டெக்கீலா காய்ச்சுற கத்தாழை) இருக்குறதா பாத்து வாங்கச் சொல்லுங்க. பக்கத்து ஸ்டேட்ல வாங்கி பார்டர் தாண்டி கொண்டு வர்ற வேலை வேணாம், செக்போஸ்ட்ல கேஸாயிடும். டெக்கீலாங்கற பேரு மெக்சிகோவுல ஹலிஸ்கோவும் இன்னும் சில மாநிலங்கள்ல சில பகுதிகளும் மட்டும்தான் வச்சுக்க முடியும், அதுவும் நீல அகாவேல இருந்து காய்ச்சுனா மட்டும். ரயில் பாதை ஓரமா வேலிக்கு நிக்குதே பெரிய கத்தாழை, அது அந்தக் குடும்பம்தான். நம்ம சித்தூர் மாவட்டத்துலயே தக்காண பீடபூமி அகாவேல இருந்து டெஸ்மண்ட்ஜின்னு ஒரு சரக்கு காய்ச்சி 2011ல கோவாவுல விக்க ஆரம்பிச்சாங்க, டெக்கீலான்னு பேர் வைக்க முடியாதுன்னாலும் குடும்பம் அதேதான்.

ஒரு கிளாஸ்ல வெள்ளரித் தண்ணி வழியாவே முக்கால் கிராம் வரைக்கும் உப்பு போகுது, ஒருநாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால பிரஷர் உள்ளவங்களுக்கு குடுக்காதீங்க. ஆளுக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு, அன்னைக்கு ராத்திரி யாரும் வண்டி எடுக்கக்கூடாது. குடிக்காதவங்களுக்கு அதே வெள்ளரித் தண்ணி, எலுமிச்சை, கொஞ்சம் சக்கரை, மேல சோடா, எங்க வீட்டுல இதைத்தான் எல்லாரும் கேட்டு வாங்கிக் குடிக்கிறாங்க.

பொங்கலுக்கு பத்து நாள் முன்னாடி ஊறவச்சா சரியா இருக்கும். கெர்கின் போட்ட தோட்டம் எதுன்னு விசாரிச்சு காலையிலயே போயிடுங்க, கழிச்சுப்போட்ட வளைஞ்ச காய் ஒரு கிலோ குடுங்கண்ணான்னு காசு குடுத்தே கேளுங்க, மாட்டுக்குப் போட்டுட்டாங்கன்னா அப்புறம் மறுநாள்தான்.